சத்தம் வரும், மருந்து வராது



விண்கலத்தைத் திருப்பும் சில உந்திகளில் எரிப்பே இல்லை. அழுத்தி அடைத்த நைதரசன் சீறி வெளியேற, கலம் எதிர்ப்பக்கம் நகரும். எம்மில் பலரது கைப்பையிலுள்ள ஆஸ்துமா பம்பிலும் மருந்தைத் தள்ளுவது ஓர் உந்துவாயுதான். 1956இல் வந்த முதல் பம்பில் இருந்தது குளோரோபுளோரோகாபன். ஓசோனைக் கெடுத்ததால், 1987 மொன்றியல் உடன்படிக்கையின் பின் படிப்படியாக அதை மாற்றினார்கள்.

வைத்தியர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்பது: "முட்டு குறையேல்லை, பம்ப் இன்னும் அடிக்குது டொக்டர்." அடிக்கும்தான். பல பம்புகளில் மருந்து 200 தடவைக்கே. அதன் பிறகும் உந்துவாயு மீந்திருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதையும் நம்பவேண்டாம். நாளுக்கு 4 தடவை என்றால் 50 நாள். தொடங்கும் திகதியைப் பம்பிலேயே எழுதுங்கள். அம்மாவின் பம்பையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.