அறமன்றத்தில் தமிழ்



கதிரவன் எழுமுன் போடிநாயக்கனூரினின்று ஊர்திகள் மலையேறுகின்றன. போடிமெட்டைக் கடந்து ஏலத் தோட்டங்களிற் காயெடுக்கத் தமிழ்ப் பெண்டிர் அவற்றில் நெருங்கி அமர்ந்துள்ளனர்.

அவ்வேலமலை காடா, வருவாய் நிலமா என்பது உச்ச அறமன்றத்தில் நெடுவழக்கு. 1897ஆம் ஆண்டு அறிவிக்கை சுட்டிய பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே பூசல். 24.10.2024இல் அம்மன்றம், அங்குப் புதிதாக நிலவுரிமை வழங்கலாகாதெனக் கேரள அரசைத் தடுத்தது. முடிவு எதுவாயினும் போடியின் அடுப்பங்கரை வரை எட்டும். ஆயினும் அவ்வாணையில் ஒரு வரியேனும் அப்பெண்டிர்க்கு விளங்குமா? ஆங்கிலமன்றோ ஆங்கு ஆள்கிறது!

போடியார் வழக்கு மதுரைக் கிளை ஏறினும் நிலை அதுவே. உயர் அறமன்றத்தில் மாநில மொழிக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 348(2)ஆம் பிரிவு வழிவிடுகிறது. அவ்வழியே இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களில் இந்தி ஏறிற்று. 2006இல் தமிழகச் சட்டமன்றம் தமிழுக்கு அதனையே கேட்டது. 2012இல் உச்ச அறமன்ற நடுவர் கூடி மறுத்தனர். இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் அடைபட்டது?

இன்று தீர்ப்புகள் சில தமிழிற் பெயர்க்கப்படுகின்றன. அவை படிக்க உதவும், வழக்காட உதவா. தன் வழக்கைத் தன் மொழியிற் கேட்டறிதல் இரவலன்று, உரிமை. அதனைப் பெறும்வரை ஓயற்க!