புரதமாவும் பருப்புச் சோறும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



நமது சங்கத்தின் விளையாட்டுக் குழுவினருக்குப் புரதமா வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றொரு யோசனை அண்மையில் எழுந்ததை நீவிர் அறிவீர்கள். அதனை ஆதரிப்போரும் உளர். வீண் செலவென்று மறுப்போரும் உளர். இரு சாராரும் தத்தம் கட்சியை உரத்த குரலிற் கூறினரேயன்றி, விஷயத்தை அளந்து பார்த்தவர் சிலரே. அவ்வாறு அளந்து பார்ப்பதே இன்று யாம் மேற்கொண்ட பணி.

இது சிறு விஷயமன்று. வீட்டார் அனுப்பும் மாதச் செலவுப் பணத்தில் மத்தியான உணவைக் குறைத்துக்கொண்டு, பெரிய பேணியொன்றை வாங்கி அறையில் வைத்திருக்கும் மாணவரை யாம் விடுதியிற் கண்டிருக்கின்றோம். மகன் கேட்டான் என்பதற்காகக் கடன்பட்டு வாங்கிக் கொடுக்கும் தாய்மாரும் இல்லாமலில்லை. வயிற்றையும் பணப்பையையும் ஒருங்கே தொடும் இவ்விஷயம், பின்னர் யாம் காட்டப்போவதுபோல, விளையாட்டு வீரனொருவனின் நற்பெயரையுந் தொடுவதாகும்.

முதற்கண், புரதம் என்பது யாது? நமது தசை, தோல், மயிர், இரத்தம் ஆகிய யாவற்றிலும் கட்டடப் பொருளாக நிற்பது அது. இருபது வகை அமினோ அமிலங்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. அவற்றுள் ஒன்பதை வளர்ந்த மனிதனின் உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவிலிருந்தே பெறல் வேண்டும். ஓட்டமும் பளுப் பயிற்சியும் தசையிழைகளை வருத்துகின்றன. வருந்திய தசை ஓய்வு வேளையிற் பழுது பார்க்கப்பட்டு முன்னையிலும் வலிமை பெறுகின்றது. அதற்கு வேண்டிய பொருள் புரதம். ஆனால் கல்லையும் மண்ணையும் குவித்துவிட்டால் வீடு எழும்புமா? மேசன் வேண்டும். உடலாகிய வீட்டுக்குப் பயிற்சியே மேசன். பயிற்சி செய்யாதவன் எத்துணைப் புரதம் உண்டாலும் அது தசையாக மாறிவிடாது.

புரதத்தை வீரத்தின் மூலமாக எண்ணும் மயக்கம் இன்று நேற்று உண்டானதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் பேர்பெற்ற இரசாயன அறிஞர் லீபிக் என்பவர், தசை உழைக்குங்கால் எரிந்து சக்தி தருவது புரதமே என்று போதித்தார். 1865ஆம் ஆண்டில் சூரிச் நகரத்துப் பேராசிரியர்களான பிக், விஸ்லிசேனுஸ் என்னும் இருவர் அதனைத் தம் உடலிலேயே சோதித்தனர். மாவையும் கொழுப்பையும் சேர்த்துச் சுட்ட, புரதமற்ற பணியாரத்தை மட்டும் உண்டுகொண்டு, சுவிற்சர்லாந்திலுள்ள பவுல்ஹோர்ன் மலையில் ஏறினர். தமது சிறுநீரிலிருந்த நைதரசனை அளந்து பார்த்தபோது, அவ்வேளையில் உடலில் எரிந்த புரதம் மலையேறுவதற்கு வேண்டிய சக்தியைத் தரப் போதாதென்பது புலனாயிற்று. உழைப்புக்கு முதன்மையான எரிபொருள் மாப்பொருளும் கொழுப்புமே என்ற உண்மைக்கு அச்சோதனை வழி திறந்தது. ஓடுபவனுக்குச் சோறு வேண்டும் என்று நமது பாட்டிமார் கூறுவதும் இதுவே.

அதே 1865இல் லீபிக்கின் பெயரைத் தாங்கிய வியாபாரக் கம்பனி ஒன்று இலண்டனில் ஆரம்பமாயிற்று. தென்னமெரிக்காவில் ஊருகுவே நாட்டின் மாட்டிறைச்சியைக் காய்ச்சி வடித்த சாரத்தைப் போத்தல்களில் அடைத்து, பெரும் போசணைப் பொருளென விற்றது. புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் நீக்கப்பட்ட அச்சாரத்தில் உடலை வளர்க்கும் சத்து மிகக் குறைவென்பதை அக்காலத்து அறிஞரே எடுத்துக்காட்டினர். அது சுவைப்பொருளாக நின்றது; உணவாக நிற்கவில்லை. அறிஞரின் பெயர் ஒட்டப்பட்ட போத்தலும், உள்ளிருக்கும் சத்தும் ஒன்றல்ல என்பதை இங்கு நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்து, எவ்வளவு புரதம் வேண்டும்? வளர்ந்த ஒருவருக்கு, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு. கடும் பயிற்சி செய்வோருக்கு இது போதாது. 2016இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும், அமெரிக்க, கனடிய போசணை அறிஞர் சங்கங்களும் கூடி வெளியிட்ட அறிக்கை 1.2 முதல் 2 கிராம் வரை எனக் கூறுகின்றது. 2018இல் வெளியான ஆய்வொன்று, பளுப் பயிற்சி செய்த 1,863 பேரைப் பற்றிய 49 ஆராய்ச்சிகளை ஒருங்கு சேர்த்து நோக்கியது. நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 1.6 கிராமுக்கு மேல் உண்பதாற் சராசரியில் மேலதிக தசைப்பேறு காணப்படவில்லை. மற்றுமொன்று: புரதத்தை மிகையாகச் சேர்த்துக்கொண்டவர், அவ்வாறு சேர்க்காது பயிற்சி செய்தவரிலும் பார்க்கக் கூடுதலாகப் பெற்றது சராசரி 300 கிராம் அளவே. பெரும் பயன் பயிற்சியால் வந்தது. புரதம் அதற்குச் சிறு துணையாயிற்று.

60 கிலோகிராம் நிறையுள்ள நமது வாலிபன் ஒருவனுக்கு இக்கணக்கின்படி 72 முதல் 96 கிராம் வரை வேண்டும். மச்சம் மாமிசம் தீண்டாத வீட்டில் இது இயலுமா என்பது பெரியோர் பலரின் ஐயம். கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் யாவும் அண்ணளவானவை.

காலையில் 50 கிராம் பயறு அவித்து உண்டு, 200 மில்லிலீற்றர் பால் அருந்தினால் 18 கிராம். மத்தியானம் 150 கிராம் அரிசிச் சோறு, 50 கிராம் பருப்புக் கறி, கீரை, ஒரு கிண்ணம் தயிர் ஆகியவற்றால் 30 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி கச்சானும் மற்றொரு குவளை பாலும் சேர்ந்து 14 கிராம். இரவில் உழுந்துத் தோசையும், 30 கிராம் சோயாமீற்றுக் கறியும் உண்டால் மேலும் 30 கிராம். கூட்டினால் 92 கிராம் ஆகின்றது. முட்டை உண்போர் இரு முட்டையால் 12 கிராம் கூட்டலாம். மீன் உண்போருக்கு நூறு கிராம் மீன் 20 கிராம் அளவிற் கொடுக்கும்.

தாவர உணவிலுள்ள புரதம் குறைவுடையதென்று ஒரு வாதமுண்டு. அதில் உண்மையும் உண்டு. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. ஆனால் அரிசியிற் குறைந்ததைப் பருப்பு நிரப்புகின்றது. பருப்பிற் குறைந்ததை அரிசி நிரப்புகின்றது. சோறும் பருப்பும், அரிசியும் உழுந்தும் சேர்ந்த தோசை, அரிசியும் பயறும் சேர்ந்த பொங்கல் ஆகியவற்றை ஆக்கிய நமது முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் அவர்களின் அடுக்களை இவ்விடயத்திற் பிழை செய்யவில்லை.

உணவாக உண்ணும்போது புரதம் தனித்து வருவதில்லை என்பதும் நினைக்கத்தக்கது. பயறோடு நார்ப்பொருளும் இரும்பும், பாலோடு கல்சியமும், கச்சானோடு நல்ல கொழுப்பும் வருகின்றன. 2017இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பளுப் பயிற்சி செய்த வாலிபருக்கு ஒருமுறை முழு முட்டையும், ஒருமுறை வெண்கரு மட்டும், புரதம் 18 கிராமாகச் சமன்படுத்திக் கொடுக்கப்பட்டன. முழு முட்டை உண்டபோதே தசையிற் புரதம் கூடுதலாக ஆக்கப்பட்டது. புரத அளவு ஒன்றாயிருந்தும் பயன் ஒன்றாயில்லை. உணவு என்பது வெறும் புரதத்தின் கூட்டுத்தொகையன்று.

இனிப் புரதமாவுக்கு உரிய நியாயத்தையும் கூறுதல் கடன். அது நஞ்சன்று; மாயமருந்துமன்று. பாலாடைக்கட்டி செய்யுங்காற் பால் திரைந்து பிரியும் தெளிநீரை ஆங்கிலத்தில் 'வே' என்பர். ஒருகாலத்திற் பண்ணைகள் கழிவெனக் கொட்டிய அந்நீரை வடித்து உலர்த்தினால், நூற்றுக்கு 75 அல்லது 80 பங்கு புரதமுள்ள மா கிடைக்கின்றது. அது விரைவிற் சமிக்கும். தசையாக்கத்தைத் தூண்டும் லியூசின் அதில் மிகுதி. போட்டிக்காக ஊர்விட்டு ஊர் செல்லும்போது நல்லுணவு கிடையாதவருக்கும், பசி குன்றிய முதியோருக்கும், நோயினின்று எழுவோருக்கும் வைத்தியரின் ஆலோசனைப்படி அது பயன்படலாம். சிறுநீரகம் நலமாயுள்ளவருக்கு அளவான புரதத்தால் அவ்வுறுப்புக் கெடுமென்பதற்குத் தக்க சான்றில்லை. ஆயின், நமது நாட்டின் வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகளைச் சிறுநீரக நோய் வருத்திவருவதை நாம் அறிவோம். அந்நோயுள்ளவர் வைத்தியரைக் கேளாது புரதத்தைக் கூட்டுதல் ஆகாது.

அப்படியாயின் தடை என்ன? முதலாவது, பேணிக்குள் இருப்பது இன்னதென்று நிச்சயிப்பது அரிது. 2024இல் கேரளத்து வைத்தியர்கள் இந்தியச் சந்தையிலுள்ள 36 புரதமாக்களைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 70 வரையானவற்றின் முகப்பிற் கூறிய புரத அளவு சரியாயிருக்கவில்லை. சிலவற்றிற் கூறியதிற் பாதியே இருந்தது. சிலவற்றிற் பூஞ்சண நஞ்சும் காணப்பட்டது. புரதத்தை அளப்பதற்கு 1883ஆம் ஆண்டு முதல் வழங்கும் முறை நைதரசனை அளப்பதாகும். ஆதலின் மலிவான நைதரசன் பொருளைக் கலந்து அளவை ஏய்த்தல் இயலும். 2008இற் சீனாவில் பால்மாவில் மெலமின் கலந்து செய்த வஞ்சனை இதுவே. ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன. பயற்றிலும் கச்சானிலும் பூஞ்சணம் பிடிக்கலாம். ஆயின் அவற்றைக் கையில் எடுத்து, பார்த்து, முகர்ந்து, கழிவு நீக்கி உண்கின்றோம். மாவை அவ்வாறு பார்த்தறிய முடியாது.

இரண்டாவது தடை வீரனின் மானத்தைப் பற்றியது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உதவியுடன் கொலோன் நகரத்து ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுப் பொருள்களைச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 94 பொருள்களில், அதாவது நூற்றுக்கு 15 அளவில், முகப்பிற் குறிக்கப்படாத ஓமோன் பொருள்கள் கலந்திருந்தன. தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தால் அதற்கு வீரனே பொறுப்பாளி என்பது இன்றைய விதி. 'யான் அறியேன், பேணியில் எழுதியிருக்கவில்லை' என்ற விடை அவனை எளிதில் விடுவியாது. பல்லாண்டு உழைப்பு ஒரு கரண்டி மாவினால் அழிந்துபோகலாம். பயறு அவித்து உண்டவன் இவ்விடயத்தில் நிம்மதியாக உறங்கலாம்.

மூன்றாவது செலவு. கடைக்குச் செல்லும்போது ஒரு கணக்குச் செய்து பாருங்கள். பேணியின் விலையை அதிலுள்ள புரதத்தின் கிராம் தொகையாற் பிரியுங்கள். ஒரு கிலோகிராம் பருப்பின் விலையை 240ஆற் பிரியுங்கள். அவ்வளவு கிராம் புரதம் அதிலுண்டு. எது மலிவென்பதை யாம் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியுற்றபோது, பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் போதிய உணவு பெறாதிருந்தனரென ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் கணக்கிட்டன. அந்நாட்களிற் பால்மாவுக்கு வரிசையில் நின்ற வீடுகளிலிருந்தே நமது ஓட்ட வீரர் பலர் வருகின்றனர். சுவரிருந்தாற்றானே சித்திரம் எழுதலாம். சோற்றுக்கோப்பை நிறையாதவனுக்குப் பேணி வாங்கிக் கொடுப்பது, கூரையில்லாத வீட்டுக்கு வர்ணம் பூசுவதை ஒக்கும்.

யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் அவர்கள் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டினார். டங்கன் வைற் அவர்கள் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் தடையோட்டத்தில் வெள்ளி பெற்றார். இன்றைய பேணிகள் நமது கடைகளிற் குவியுமுன்னரே அவர்கள் இவற்றைச் சாதித்தனர். பேணியில்லாததாற் பின்தங்கினோம் என்று கூற நமக்கு இடமில்லை.

ஆகவே, பெரியோர்களே, எமது பிரேரணை இது. புரதமாவுக்கென ஒதுக்க எண்ணிய பணத்தைப் பயறுக்கும் பாலுக்கும் ஒதுக்குவோமாக. ஒரு கிலோகிராம் பயறு அவித்தால் 20 பேருக்குப் போதும். தலைக்கு 12 கிராம் புரதம். அத்தோடு ஒரு குவளை பாலும் சிறிது கச்சானும் சேர்ந்தால் 20 கிராமுக்கு மேலாகும். பயிற்சியின் பின் ஒருமுறை உண்பதற்கு அறிஞர் கூறும் அளவும் 20 முதல் 25 கிராமே. பயிற்சி நடக்கும் மாலைகளில், மைதானத்தின் ஓரத்தில் இதனை வழங்குவோமாக. வறிய வீட்டுப் பிள்ளையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே பானையிலிருந்து உண்ணட்டும்.

வாலிப சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னரே பேணி வாங்கி வைத்திருப்பவர் அதனை வீசியெறிய வேண்டுமென்று யாம் கூறவில்லை. உணவு குறைந்த நாளில் அது துணையாகட்டும். உணவின் இடத்தை அது கவர விடாதீர்கள். நாட்டுக்காகவோ மாகாணத்துக்காகவோ போட்டியிடும் நிலையை எய்தியவர், தகுந்த ஆய்வுகூடத்தாற் சோதிக்கப்பட்டதென்ற சான்றில்லாத எதனையும் வாயில் இடாதிருப்பாராக.

பானை வாங்குவதற்கான செலவை வாலிபர் பகுதி ஏற்றுக்கொள்ளும். பயறு அவிக்கும் பக்குவத்தைத் தாய்மார் கற்பித்தருள வேண்டும். அடுத்த கூட்டத்தில் இப்பிரேரணையை வாக்குக்கு விடுமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம்.