கணினிக் கூடமும் தெரிவுரிமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்தில் கணினிக் கூடம் ஒன்று அமையவிருக்கிறது. வலிமை மிக்க கணினி ஒன்றைச் சர்வராக நிறுத்தி, நன்கொடையாக வந்த பழைய கணினிகளை அதனோடு இணைப்பது என்பது திட்டம். மாணவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்நுழைந்தவுடன், எல்லார்க்கும் தட்டச்சுப் பயிற்சிப் புரோகிராம் ஒன்றே திறக்கட்டும் என்று சிலர் கருதுகின்றனர். எது திறக்க வேண்டும் என்பதை உள்நுழைபவரே தெரிவு செய்யட்டும் என்று நாம் கருதுகிறோம். அதற்குரிய காரணங்களையும் வழிவகைகளையும் இவ்வவையின் முன் வைக்க விழைகிறோம்.

முதற்கண், இவ்வமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். இதனை ரிமோட் டெஸ்க்டாப் என்பர். இதில் புரோகிராம் நம் முன்னுள்ள கணினியில் இயங்குவதன்று; சர்வரிலேயே இயங்குகிறது. நாம் அழுத்தும் விசைகளும் மவுசின் அசைவுகளும் அங்குச் செல்கின்றன. திரையில் காணவேண்டிய காட்சி மட்டும் இங்கு வந்து சேர்கிறது. ஆதலின் முன்னிருக்கும் கணினி பழையதாயினும் குறையில்லை. 1998-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. 1999-இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகளைக் கொண்டே வகுப்பறைகளை நடத்த வழி செய்தது. பொருள் வளம் குறைந்த நம்மனோர்க்கு இது பெரும் வாய்ப்பன்றோ?

உள்நுழைந்தவர் முன் எதைத் திறப்பது என்பதில் மூன்று முறைகள் உள்ளன. சர்வரின் முழு டெஸ்க்டாப்பையும் திறந்துவிடுவது முதன்முறை. இதில் உரிமை மிகுதி. எனினும் புதிதாகக் கற்க வருவோர் எங்குத் தொடங்குவது என அறியாது திகைப்பர். ஒரே புரோகிராமை விதித்துவிடுவது இரண்டாம் முறை. விண்டோஸ் சர்வரின் குரூப் பாலிசி என்னும் பகுதியில் ஒரு புரோகிராமைக் குறித்துவிட்டால், உள்நுழைந்தவுடன் அது மட்டுமே திறக்கும், டெஸ்க்டாப் தோன்றாது, அப்புரோகிராமை மூடினால் தொடர்பும் முடிந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே மூன்றாம் முறை. பொறுப்பாளர் ஒரு பட்டியலை அமைப்பார். அதிலிருந்து வேண்டியதை மாணவர் தெரிவு செய்வார்.

இம்மூன்றாம் முறை அரிதானதன்று. விண்டோஸ் சர்வர் 2008-இல் ரிமோட் ஆப் என்னும் வசதி வந்தது. அனுமதிக்கப்பட்ட புரோகிராம்கள் வரிசையாகத் தோன்றும். தொட்டது தனிச் சாளரத்தில் திறக்கும். எந்தக் குழுவினர்க்கு எவை தோன்ற வேண்டும் எனவும் வகுக்கலாம். லினக்ஸ் சர்வராயின், எக்ஸ்.ஆர்.டி.பி. என்னும் கட்டற்ற மென்பொருளின் தொடக்கக் கோப்பில், தனியொரு புரோகிராமைக் குறிப்பதற்கு மாறாக, சிறு பட்டியல் புரோகிராம் ஒன்றைக் குறித்துவிட்டால் போதும். அதிலிருந்து எத்தனை முறை வேண்டுமாயினும் வேறு வேறு வேலைகளைத் திறக்கலாம். பட்டியலை மூடும்போதே தொடர்பு முடியும்.

"ஒரே புரோகிராம் என்றால் தொல்லையில்லையே?" என்பர். உண்மைதான். ஒரே பணிக்கென அமைந்த கவுண்ட்டர் கணினிக்கு அம்முறையே பொருந்தும். அங்கு அமர்பவரின் பணி முன்பே முடிவானது. படிப்பகமோ அத்தகையதன்று, இன்ன பணிக்கு உரியேம் என்பதைத் தாமே கண்டறிய இளைஞர் வந்து அமரும் இடம் அது. தட்டச்சைத் தாழ்வாக நாம் கருதவில்லை. அரசுத் தேர்வு எழுதி, அதனால் பிழைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும், உள்நுழையும் பெயரைக் கண்டவுடனே இவருக்கு உரிய வேலை இதுவே என்று இயந்திரம் விதித்துவிடுமாயின், அது நமக்குப் பழக்கமான பழைய கொடுமையின் சாயலன்றோ? தொழிலைத் தன் விருப்பத்தால் தேர்ந்துகொள்ள விடாமல் பிறப்பால் விதிப்பதைச் சாதியின் பெருங்கேடுகளுள் ஒன்றாக அண்ணல் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டில் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துக் காட்டினார். அந்நூலைப் படித்த நாம், நம் பிள்ளைகளுக்கு நாமே அவ்வாறு விதித்தல் தகாது.

"கட்டுப்பாடு குலையுமே" என்னும் அச்சத்திற்கும் விடை கூறுதல் வேண்டும். ஒரே புரோகிராமைக் காட்டுவதனாலேயே சர்வர் காக்கப்பட்டுவிடும் என எண்ணுவது பிழை. எழுத்துப் புரோகிராமில் கோப்பைத் திறக்கும் சாளரத்தின் வழியாகவே பிற கோப்புறைகளுக்குள் புகுந்துவிட இயலும். ஆகவே, கோப்புகளுக்கான அனுமதியை ஒவ்வொருவர்க்கும் அளவாக வகுக்க வேண்டும். மாணவர் எவர்க்கும் நிர்வாகிக் கணக்கு தரலாகாது. இன்ன புரோகிராம்களே இயங்கலாம் என்பதையும் சர்வரிலேயே வரையறுக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பிற்கு வழக்கமாக அமையும் 3389 என்னும் போர்ட்டை வெளி இணையத்திற்குத் திறந்து வைத்தலும் கூடாது. இக்காவல்கள் இருப்பின் பட்டியலால் கேடு விளையாது. இவை இல்லையெனில் ஒற்றைப் புரோகிராமும் காப்பாற்றாது.

இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் ஒன்று உண்டு. தொடர்பைத் துண்டித்தல் வேறு, வெளியேறுதல் வேறு. சாளரத்தை வெறுமனே மூடிச் சென்றால், திறந்த புரோகிராம்கள் சர்வரில் இயங்கிக்கொண்டே இருக்கக்கூடும். அவை பிடித்துவைத்த நினைவகம் அடுத்தவர்க்குக் கிட்டாது. பொதுக் கிணற்று நீரைப் போன்றது சர்வரின் நினைவகம். வேலை முடிந்ததும் லாக் ஆப் செய்து வெளியேறுதல் பிறர் உரிமையை மதித்தலாகும்.

நிறைவாக, நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுவே. பட்டியலில் தட்டச்சுப் பயிற்சி முதலில் நிற்கட்டும். அதன்கீழ் கடிதமும் கட்டுரையும் எழுத லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கணக்கு வைக்கக் கால்க், கணிதம் கற்க ஜியோஜீப்ரா, சிறுவர் புரோகிராம் எழுதிப் பழக ஸ்கிராட்ச் ஆகியவை இடம்பெறட்டும். இவை ஐந்தும் எளியோர்க்கு எட்டக்கூடியவை. கூடத்தின் வாயிலில் ஒரு குறிப்பேட்டை வைப்போம். பட்டியலில் இல்லாத ஒன்றை வேண்டும் மாணவர் அதன் பெயரையும், தம் தேவையையும் அதில் எழுதட்டும். செயற்குழு மாதந்தோறும் அதனைப் படித்து, சர்வர் தாங்குமா என ஆராய்ந்து, சேர்க்கத் தக்கதைச் சேர்க்கட்டும். சேர்க்க இயலாததற்குக் காரணத்தை அதே ஏட்டில் எழுதட்டும்.

எல்லை வகுப்பது சங்கத்தின் பொறுப்பு. அவ்வெல்லைக்குள் தேர்ந்துகொள்வது மாணவரின் உரிமை. இளைஞர்களே, அவ்வுரிமையைப் பயன்படுத்துங்கள்! தட்டச்சோடு நின்றுவிடாமல், நாள்தோறும் பட்டியலின் அடுத்த வரியையும் திறந்து பாருங்கள்!