திரை பாடம் சொல்லும். ஒப்பிப்பதை யார் கேட்பது?

(போத்தனூரில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, ஆசிரியப் பெருமக்களே!

கொரோனாவோடு ஆன்லைன் படிப்பும் முடிந்துவிடும் என்று நினைத்தோம். இன்று டியூஷன், நீட் பயிற்சி, குர்ஆன் ஓதுவதுகூட போனில் நடக்கிறது. ஆகவே, அந்தக் காலம் கற்றுத்தந்ததை மறந்துவிடக் கூடாது.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் 19 மாதங்கள். பாடத்துக்குப் பஞ்சமில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வந்தது. ஆனாலும் பள்ளி திறந்தபோது வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகள் ஏராளம். அந்த இழப்பை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. வீட்டுக்கு அருகில் ஒரு தன்னார்வலர், மாலை நேரம், இருபது பிள்ளைகளுக்கு மேற்படாத ஒரு குழு. பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்தார்.

இது மதரஸாவில் நாம் அறிந்த முறைதான். உஸ்தாத் ஓதிக்கொடுப்பார், பிள்ளை திருப்பி ஓதிக்காட்டும், பிழை திருந்திய பிறகே அடுத்த பாடம். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து நபி (ஸல்) அவர்களிடம் கேள்விகள் கேட்டதன் மூலமே ஸஹாபாக்கள் மார்க்கத்தைக் கற்றார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

ஆசிரியர்களே! பத்து நிமிடம் நடத்தியதும் நிறுத்தி, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நோட்டில் எழுதிப் படம் அனுப்பினால், தப்பைத் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். இரண்டு நாள் பதில் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

தாய்மார்களே! பாடம் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. “இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு கண்ணு” என்று கேட்டால் போதும். சொல்லும்போதே பிள்ளைக்குப் புரிந்ததும் புரியாததும் தெரிந்துவிடும்.

வீட்டில் ஒரே போன் என்றால் பகலில் அது அத்தாவோடு வேலைக்குப் போகிறது. இரவில் அண்ணன் கைக்குப் போகிறது. மகளுக்கு மிஞ்சுவது சார்ஜ் தீர்ந்த போன். அவள் படிப்பும் அமானிதம்தான். அவளுக்கென்று ஒரு நேரத்தைக் குறித்து, அதை மாற்றாமல் கொடுங்கள்.

கல்லூரி செல்லும் பிள்ளைகளே! வாரம் இரண்டு நாள், மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம், உங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே முன்வாருங்கள். அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.