தட்டி சொல்ல வேண்டியது ஒன்றே

(நலக்கல்வி பயிலும் மாணவரிடையே நிகழ்த்தப் பெற்ற உரை)



சுவரொட்டி வேறு; ஆய்வு விளக்கத் தட்டி வேறு. சுவரொட்டி, பேருந்தில் விரைந்து போகின்றவர் கண்ணையும் பிடித்திழுக்க வேண்டுவது. விளக்கத் தட்டியோ, நின்று படிக்க வந்தவர் முன் நிற்பது. அதன் பக்கத்தில் அதனைச் செய்தவரும் நிற்பார். கேட்டால் விடை கூறுவார். மாநாட்டுக்கு வந்தோர் அனைவரும் மேடையேறிப் பேச நேரம் போதாமையால் பிறந்த வழக்கம் இது. 1969-இல் ஐரோப்பிய உயிர்வேதியியலார் மாநாட்டிலும், 1974-இல் அமெரிக்காவிலும் கையாளப் பெற்றுப் பின் உலகெங்கும் பரவியது.

வழக்கம் பரவியதேயன்றி அதன் கருத்துப் பரவவில்லை. நாற்பது பக்க ஆய்வேட்டை எடுத்து, எழுத்தைச் சிறிதாக்கி, பிளக்சுத் துணியில் அச்சிட்டுத் தொங்கவிடுகின்றனர் மாணவர். வருகின்றவர் தலைப்பைப் பார்ப்பார், பெயரைப் பார்ப்பார், போய்விடுவார். அது தட்டியன்று, ஆணியில் மாட்டிய ஆய்வேடு.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்பதே தெளிவு தரும். வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சருக்கரைக் கரைசலை எல்லாரும் அறிவர். 1971-இல் வங்காள நாட்டு விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர் நடுவே கக்கல் கழிச்சல் பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. மேற்கு வங்கத்துப் போன்காவில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிசு, உப்பும் சருக்கரையும் கரைத்த நீரைக் குடம் குடமாக வைத்து, நோயாளியின் உறவினரைக் கொண்டே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இத்துணைப் பெரிய மருந்து, படித்த மருத்துவர் கையிலிருந்து தாயின் கைக்கு மாறியது அங்கேதான். அது முதல் இம்மருந்தின் வெற்றியும் தோல்வியும் தாய் அளக்கும் அளவைப் பொறுத்தனவாயின.

இன்று கடைகளில் இருவகைப் பொட்டலங்கள் உள்ளன. பெரியது ஓர் இலிட்டர் நீருக்கானது. 2002-இல் உலக நலவாழ்வு நிறுவனம் திருத்தி வகுத்த கலவைப்படி அதன் எடை 20.5 கிராம். சிறியது 200 மில்லி இலிட்டர் நீருக்கானது. பெரிய பொட்டலத்தைச் சிறு குவளை நீரில் கொட்டிவிட்டால் உப்பு மிகும். குழந்தையின் குருதியில் உப்பேறித் தீங்கு விளையும். சிறிய பொட்டலத்தைப் பெருஞ்சொம்பில் கொட்டினால் கரைசல் நீர்த்துப் பயன் குன்றும்.

இதனை ஒரு மாணவி ஆராய்கின்றாள் எனக் கொள்க. சிற்றூர்த் தாய்மாரைக் கண்டு கேட்கின்றாள், கரைத்துக் காட்டச் சொல்கின்றாள், அளக்கின்றாள். பொட்டலத்தைப் பெரும்பாலோர் அறிந்திருக்கின்றனர், ஆனால் நீரின் அளவை அறிந்தவர் சிலரே எனக் காண்கின்றாள். தட்டிக்கு என்ன தலைப்பிடுவாள்? "ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாரிடையே வாய்வழி நீரேற்றக் கரைசல் பற்றிய அறிவு, மனப்பாங்கு, நடைமுறை குறித்த ஓர் ஆய்வு" என்று இடுவாள், அதுவே கற்பிக்கப்பட்டிருக்கின்றது. இத்தலைப்பில் ஆய்வு செய்யப்பட்டது என்ற செய்தி இருக்கின்றது. கண்டது என்ன என்ற செய்தி இல்லை.

"பொட்டலத்தைத் தாய்மார் அறிவர், நீரின் அளவை அறியார்."

இதுவன்றோ தலைப்பு! நடந்து போகின்றவரும் இதைப் படித்துவிட்டு, ஒன்றை அறிந்தவராகப் போவார். நிற்கின்றவர், "எவ்வாறு கண்டாய்?" என்று கேட்பார். 2019-இல் அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் மைக் மோரிசன், முடிவை எளிய மொழியில், பேரெழுத்தில், தட்டியின் நடுவே இடுக என்று ஒரு படத்தின் வழிச் சொன்னபோது மாநாட்டு உலகமே வியந்து பேசிற்று. வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சொல்ல வந்ததை முதலிற் சொல்வது சிற்றூர்ப் பாட்டியும் அறிந்த முறை.

ஆயினும் இவ்வொரு தொடரை எழுதுவது எளிதன்று. தாய்மொழியில் ஒரு தொடராக எழுத வராத முடிவு, மாணவர்க்கே இன்னும் விளங்காத முடிவு. அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்ற மூன்று சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளலாம். "அறியார்" என்று எழுதும்போது ஒளிய இடமில்லை. அதனால்தான் பலர் நீண்ட தலைப்பை விரும்புகின்றனர் போலும்.

சொற்களைப் பற்றியும் இங்கே ஒன்று. "வாய்வழி நீரேற்றக் கரைசல்" நல்ல தமிழே; ஆயினும் அச்சொல்லை எந்தத் தாயும் கடையிற் சென்று கேட்டதில்லை. "உப்புச் சருக்கரைப் பொட்டலம்" என்பதும் தமிழே. கேட்ட மாத்திரத்தில் விளங்குவது. தூய சொல் இரண்டிருக்க, விளங்காத ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் மொழிக்கு என்ன பெருமை? பொட்டலத்தின்மேல் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே அச்சிடப்பட்டிருப்பதால், தாய் அதனைக் கண்டுபிடித்து வாங்கும்பொருட்டு அவற்றையும் ஓரிடத்தில் குறிக்க வேண்டும். அது மொழிக்குற்றம் ஆகாது.

தமிழில் தட்டி எழுதுவோர் கருத வேண்டிய பெரிய செய்தி வேறொன்று உண்டு. நம் மொழியில் மறுப்புச் சொல் தொடரின் கடைசியில் வருவது. "வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்த வேண்டா" என்று எழுதுகின்றார் ஒருவர். இடம் போதாமல் "வேண்டா" அடுத்த வரிக்கு இறங்குகின்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய் முதல் வரியோடு நின்றுவிட்டால் அவள் கற்றது என்ன? தாய்ப்பாலை நிறுத்த! ஆங்கிலத்தில் மறுப்பு முன்னே வந்துவிடுவதால் அம்மொழி நூல்கள் இக்கேட்டை எச்சரிக்கமாட்டா. "வயிற்றுப்போக்கின்போதும் தாய்ப்பால் கொடுங்கள்" என்று உடன்பாடாக எழுதுக. மறுத்தே ஆக வேண்டுமெனில் தொடர் முழுவதும் ஒரே வரியில் அடங்கட்டும்.

எழுத்துருவிலும் தமிழுக்கெனச் சில தேவைகள் உள. அழகுக்காக வளைத்த எழுத்துகளில் துணைக்காலும் ரகரமும் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தோன்றும். "மரம்" "மாம்" ஆகும். புள்ளி சிறுத்தால் மெய் உயிர்மெய்யாகும். மேலே விலங்கும் கீழே சுழியும் கொண்ட எழுத்துகள் நமக்கு மிகுதி. வரிகளை நெருக்கினால் இவை ஒன்றோடொன்று முட்டும். 84 செ.மீ. அகலமும் 119 செ.மீ. உயரமும் உள்ள தட்டியில் உள்ளெழுத்து 30 புள்ளிக்குக் குறையலாகாது. இடம் போதவில்லையென்றால் குறைக்க வேண்டுவன சொற்கள்.

இனிப் படங்கள். 1854-இல் இலண்டன் சோகோப் பகுதியில் கக்கல் கழிச்சலால் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் சான் சுனோ, அத்தெருக்களின் படத்தில் ஒவ்வொரு வீட்டின்முன்னும் இறந்தோர் எண்ணிக்கையைக் கருங்கோடுகளாக அடுக்கிக் காட்டினார். பிராடு தெருவின் நீரேற்றுக் குழாயைச் சுற்றிக் கோடுகள் மொய்த்தன. அருகிலேயே இருந்தும், தனிக்கிணறு கொண்ட மதுவடிசாலையில் அவை இல்லை. இப்படத்தைக் கண்டே குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது என்று சொல்வாருளர். அது பிழை. கைப்பிடி செப்டம்பர் 8-இல் கழற்றப்பட்டது. படம் பின்னர் வரையப் பெற்று 1855-இல் நூலில் வந்தது. நோய்க்குக் கெட்ட காற்றே காரணம் என்று நம்பியிருந்தோர்க்குத் தாம் கண்டதை விளக்கவே சுனோ அதனை வரைந்தார். விளக்கத் தட்டியின் வேலையும் அதுவே.

பிளாரன்சு நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வட்டப்படமும் அத்தகையது. கிரீமியப் போரில் காயத்தால் இறந்த வீரரைவிடத் தடுக்கத்தக்க நோயால் இறந்தவரே மிகப் பலர் என்பதை நீல நிறப் பரப்பு ஒரே பார்வையிற் காட்டிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. வட்டத்தின் ஆரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே எண்ணை ஆரத்தால் காட்டுகின்றவர், அறியாமலே பொய் சொல்கின்றவராவார். வட்டம் வரையத் தெரியாத மாணவர் நேர்ப்பட்டைகளையே வரைக. அவற்றையும் சுழியிலிருந்து தொடங்குக. ஐம்பதிலிருந்து தொடங்கினால் 55-க்கும் 60-க்கும் உள்ள சிறு வேறுபாடு ஒன்றுக்கிரண்டாய்த் தோன்றும். சிவப்பையும் பச்சையையும் அருகருகே இட்டு அவற்றைக் கொண்டே வேறுபாடு காட்டுவதும் கூடாது. அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையார் ஆடவருள் பலர்.

கேட்கப்பட்டோர் எத்தனை பேர், எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர், எந்த ஊர், எந்த மாதம் என்பன தட்டியில் இருந்தே தீர வேண்டும். பத்துப் பேரைக் கேட்டுவிட்டு "40 விழுக்காட்டினர்" என்று எழுதுவது நேர்மையன்று. "பத்தில் நால்வர்" என்று எழுதுக. படிக்கின்றவர் அதன் எடையைத் தாமே அறிந்துகொள்வார்.

நம் மாணவியின் தட்டிக்குத் திரும்புவோம். ஓர் இலிட்டர் என்பதை எழுத்தாற் சொல்லி விட்டுவிடலாகாது. சிற்றூர் வீட்டில் அளவுக்குடுவை இல்லை. ஆனால் கடையில் வாங்கிய ஓர் இலிட்டர் நீர்ப்புட்டி எந்த வீட்டு மூலையிலும் கிடக்கும். பெரிய பொட்டலத்தின் பக்கத்தில் அப்புட்டியை வரைக. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துக என்பது அதன் கீழே ஒரு வரி. வேறு படம் வேண்டுவதில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு தேர்வு வைத்துப் பார்க்க வேண்டும். தாளில் எழுதிய படியை விடுதிச் சுவரில் மாட்டி, சமையற்கட்டில் பணிசெய்யும் அம்மையாரை அழைத்து, "இது என்ன சொல்கின்றது, அம்மா?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், அவர் விரல் எங்கே போகின்றது என்று மட்டும் பாருங்கள். அவர் தடுமாறும் இடம் திருத்த வேண்டிய இடம். பேராசிரியரிடம் காட்டுவது அதற்குப் பின்.

மாநாடு முடிந்த பிறகு தட்டிகள் பரண்மேல் ஏறுகின்றன. அத்தாய்மார் தம் வேலையை நிறுத்தி, நீர் கரைத்துக் காட்டி, கேள்விக்கெல்லாம் விடை தந்தவர். அவர்கள் தந்ததைக்கொண்டே தட்டி எழுந்தது. மாநாட்டுத் தலைவர்க்கு ஆங்கிலத்தில்தான் வேண்டுமெனில் அதற்கொரு படி செய்துகொள்க. தமிழ்த் தட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவ்வூர்த் துணை நலவாழ்வு நிலையத்துக்குச் செல்லுங்கள். நோய்த்தடுப்பு ஊசி போடும் நாளில் தாய்மார் குழந்தைகளோடு வந்து காத்திருப்பர். அவர்கள் அமரும் பலகைக்கு எதிரே, அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக மாட்டுங்கள். கையில் ஒரு பொட்டலமும் ஒரு நீர்ப்புட்டியும் இருக்கட்டும்.