மாயூரத்து முன்சீப்பின் பாட்டு

(ஜூபிலிக் கூட்டத்தில் பாடற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பாடற்குழுவைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி எங்களைப் பணித்தீர்கள். எங்களைப் பற்றிப் பேசுவதைவிட, தாமே பாட்டு எழுதிய ஒரு கத்தோலிக்கரைப் பற்றிப் பேசவே விரும்புகிறோம். முடிவில் எங்கள் குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தவர். 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் கீர்த்தனைகள் இயற்றியவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

பாட்டு அவருக்குப் பிழைப்பு அன்று. அரசர் தயவையோ ஜமீன்தார் பரிசையோ நம்பி அவர் பாடவில்லை. 1857 முதல் தரங்கம்பாடியிலும், சீர்காழியிலும், மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்து வழக்குகளை விசாரித்தார். அந்த உத்தியோகத்துக்கு நடுவேதான் எழுதினார். ஆகவே தம் மனத்துக்குச் சரி என்று பட்டதை அவரால் பாட முடிந்தது.

அவருக்குப் பாட்டு எங்கிருந்து பிறந்தது? கண்ணெதிரே கண்ட வாழ்க்கையிலிருந்துதான். கோர்ட்டில் லஞ்சத்தைக் கண்டார்; லஞ்சத்தைக் கண்டித்துப் பாடினார். பெண்கள் எழுத்தறியாமல் இருப்பதைக் கண்டார்; 1869-ல் 'பெண்மதி மாலை' தந்தார். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் மடிவதைக் கண்டார். தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். கடவுளிடம் முறையிட்டும் பாடினார். அவருடைய கொடையைக் கண்டு உருகி, நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். ஒருவர் சைவர், ஒருவர் கத்தோலிக்கர். இருவரையும் இணைத்தது பாட்டும் இரக்கமும்.

பாட்டைப் பற்றி அவர் கொண்ட கருத்தை அவருடைய நூலின் பெயரே சொல்லும்: 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. எந்தச் சமயத்தாரும் வாய்திறந்து பாடும்படி கடவுளைப் புகழ்ந்தார். அதற்காகத் தம் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. தேவமாதாவின்மேல் அந்தாதியும் பாடியவர் அவர். கேட்பவர்க்குப் புரிய வேண்டும் என்பதும் அவர் கொள்கை. 1805 முதல் 1861 வரையிலான கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர், பாட்டையும் கர்நாடக ராகங்களில் எளிய தமிழில் தந்ததில் வியப்பில்லை.

இனி எங்கள் குறை. மழை பொய்த்த ஒரு வருடம், எங்கள் குழுவில் பாடும் சகோதரி ஒருவர் தாமே ஒரு பாட்டு எழுதி மெட்டும் அமைத்து வந்தார். நாற்றங்கால் கருகியதும், தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனதும் அதில் இருந்தன. "அடகுக்கடை என்ற சொல் கோவில் பாட்டில் வரலாமா?" என்று கேட்டு, காகிதத்தை மடித்து ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுதவும் இல்லை.

திருப்பலியில் பாடும் பாட்டுக்கு ஒழுங்கு உண்டு. அதை மீறச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பாட்டின் சொற்கள் திருச்சபையின் போதனைக்கு இசைந்திருக்க வேண்டும் என்கிறது. அதே ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கவும், புதிய பாடல்களை இயற்றவும் சொல்கிறது. நாங்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். திருப்பலிக்கு ஆகாத பாட்டுக்குக்கூட வீட்டுச் செபத்தில் இடம் உண்டு, இந்த மேடையிலும் இடம் உண்டு. இதை அன்றே அந்தச் சகோதரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஒரு வாயை அடைத்துவிட்டோம். லஞ்சத்தைப் பாடிய முன்சீப் எங்கள் குழுவுக்கு வந்திருந்தால், அவர் பாட்டும் பெட்டிக்குள்தான் போயிருக்கும்!

சென்ற வாரம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "மெட்டு மறந்துபோச்சே" என்றார். பிறகு மெல்ல முணுமுணுத்தார். மறக்கவில்லை.

பெருமக்களே, உங்கள் பிள்ளைகள் பாட்டெழுதி வந்தால் எங்களிடம் அனுப்புங்கள். திருத்த வேண்டியதைத் திருத்துவோம், மடித்து வைக்கமாட்டோம். இப்போது அந்தச் சகோதரி தம் பாட்டைப் பாடுவார். நாங்கள் பின்பாட்டு.