காற்றுக்கும் கணக்கு வேண்டும்

(கடலூர்ப் பகுதிக் கிளைச் செயலாளர்கள் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரை)



நெல்லுக்குக் கணக்கு உண்டு. நிலத்துக்குக் கணக்கு உண்டு. நியாயவிலைக் கடையிலே அளந்து போடுகிற சர்க்கரைக்கும் கணக்கு உண்டு. எடை குறைந்தால் கேட்கிறோம். பதில் சரியில்லையேல் வட்டாட்சியர் அலுவலகம் வரை செல்கிறோம். ஆனால் பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை ஓயாமல் இழுத்து விடுகிற மூச்சுக்கு மட்டும் கணக்கு இல்லை. இல்லை என்பது கூடச் சரியன்று. இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆலைக்காரரிடம் ஒரு கணக்கு, வாரியத்திடம் ஒரு கணக்கு. மூச்சு விடுகிறவனிடம் இருமல் மட்டுமே மிச்சம்!

இதைக் கடலூரில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. காற்றுக்குக் கணக்கெழுத முடியும் என்று இந்நாட்டுக்குக் காட்டியவர்கள் இந்த ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள். உப்பனாற்றங்கரையில் 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை வரும், விளக்கு வரும், வளம் வரும் என்றார்கள். வேலை கொஞ்சம் வந்தது. அதனோடு நாற்றமும் வந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் என்று ஊர் தவறாமல் தலைவலி, கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல். முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? "நாங்கள் வந்து பார்த்தபோது நாற்றம் இல்லையே!" நள்ளிரவில் எழுந்த நாற்றத்தை மறுநாள் நண்பகலில் தேடி வந்தால் எப்படி ஐயா அகப்படும்?

முன்னாள் நீதிபதி கனகராஜ் தலைமையில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் விசாரித்து, 2003இல் அறிக்கை தந்தது. அதன் பின்னர் 2004இல் இவ்வூர் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, மூக்கையே கருவியாக்கினார்கள். எந்த நாள், எந்த மணி, காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, நாற்றம் எத்தகையது என்று எழுதி வைத்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளியைச் சுட்டும். அழுகிய முட்டைக்கோசு நாற்றம் மெர்கேப்டன் வகைகளைச் சுட்டும். படிப்பறியாத மூதாட்டியும் முட்டை நாற்றம் எது, முட்டைக்கோசு நாற்றம் எது என்று பிரித்தறிவார் அல்லவா?

மூக்கு சொல்வதை நீதிமன்றம் ஏற்குமா என்ற கேள்வி எழுந்தது. அதற்குத்தான் வாளி வந்தது. ஏதோ பெரிய இயந்திரம் என்று எண்ண வேண்டா. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் வாளிதான். உள்ளே வளி கசியாத ஒரு பை; பையின் வாய் ஒரு குழாய் வழியே வெளிக்காற்றை நோக்கியிருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பினால் உறிஞ்சினால், பை விரிந்து, வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாயை அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்த வாளிக்குக் கலிபோர்னியா பிறந்தகம். அங்கே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் வழக்குக்காகச் சென்ற எட் மாஸ்ரி என்னும் வழக்கறிஞருக்கே தலை சுற்றியது. அதிகாரிகளைக் கேட்டார், தங்கள் கருவிகள் ஒன்றும் காட்டவில்லை என்றார்கள். சினம் கொண்டவர், மக்கள் கையாளும்படியான கருவி ஒன்றை 1995இல் செய்வித்தார். லூசியானா மாநிலத்து நார்கோ நகரில் மார்ஜி ரிச்சர்ட் என்னும் கறுப்பின ஆசிரியை அந்த வாளியை ஏந்திப் போராடினார். 2002இல் ஷெல் நிறுவனம் அந்த மக்களின் வீடுகளை விலைகொடுத்து வாங்கி, வேறிடம் செல்ல வழிசெய்ய இணங்கிற்று. அங்கே ஒருவர் ஏந்திய வாளியை இங்கே குடிகாட்டுத் தாய்மார் ஏந்தினார்கள்.

முடிவு வந்தது. இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள்; அவற்றுள் புற்றுநோய் விளைப்பனவும் இருந்தன. எந்தச் சட்டத்தை மீறின அவை? எதையும் மீறவில்லை! அந்நாளில் நம் நாட்டுக் காற்றுத் தர அளவீட்டில் பென்சீனுக்கு இடமே இல்லை. அளவுகோல் இல்லை, ஆகவே குற்றம் இல்லை. குற்றம் இல்லை, ஆகவே குற்றவாளி இல்லை. என்ன அழகான ஏற்பாடு! 2009 நவம்பரில்தான் அளவீடு திருத்தப்பட்டு, பென்சீன் உட்பட 12 பொருள்கள் பட்டியலில் வந்தன. வாளிதான் சட்டத்தைத் திருத்திற்று என்று மார்தட்ட மாட்டேன். பல கைகள் சேர்ந்த வேலை அது. ஆனால் அளவுகோல் இல்லை என்னும் வெட்கக்கேட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கைகளில் இவ்வூர்க் கைகளும் உண்டு.

அதே 2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளை அளந்து பட்டியலிட்டது. 70 மதிப்பெண்ணுக்கு மேற்பட்டவை கடுமையாகக் கெட்டுப்போன பகுதிகள், அவை 43. கடலூருக்கு 77.45, சென்னை மணலிக்கு 76.32. பள்ளியில் இம்மதிப்பெண் வாங்கினால் மாலை போடுவோம்! 2010 ஜனவரியில் அந்த 43 இடங்களிலும் புதிய ஆலைகளுக்குத் தடை விதித்தார்கள். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் செயல்திட்டம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை தளர்ந்தது. கவனியுங்கள்: காற்று தெளிந்ததால் அன்று, காகிதம் வந்து சேர்ந்ததால்!

நான் வலியுறுத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். காற்றைக் கண்காணிக்க நம் மக்கள் கற்றுக்கொண்டார்கள். காற்றைத் திருத்துவதாகச் சொல்லி அரசும் ஆலையும் எழுதித் தருகிற காகிதத்தைக் கண்காணிக்க நாம் கற்றுக்கொண்டோமா? நாற்றத்துக்குத் தேதி போட்டோம்; வாக்குறுதிக்குத் தேதி போட்டோமா?

2019இல் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கிற்று. அதில் இடம்பெற்றவை 130 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு. கடலூர் அதில் இல்லை! நகரங்களின் முன்னேற்றத்தைத் தூசித் துகளைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். வேதியியல் ஆலையின் வளி அந்தத் தராசில் நிற்பதே இல்லை. போகட்டும், சேர்ந்த நகரங்களிலாவது பணம் எங்கே போயிற்று? டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குப் பார்த்தது. செலவில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கு. தொழிற்சாலைப் புகையைக் கட்டுப்படுத்த 1 விழுக்காடு கூட இல்லை. சாலையைக் கூட்டுவது நல்லதுதான். ஆனால் புகைபோக்கியைப் பார்க்காமல் தெருவை மட்டும் கூட்டுகிற துடைப்பத்துக்கு எத்தனை கோடி!

அனல்மின் நிலையங்களைப் பாருங்கள். கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தார்கள். இரண்டே ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். தவணை ஒன்று, தவணை இரண்டு என்று நீட்டிக்கொண்டே போய், 2025 ஜூலையில் ஏறத்தாழ 78 விழுக்காட்டு அலகுகளுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டா என்று விலக்களித்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 இறுதி வரை கெடு. எண்ணூர், மணலித் தோழர்கள் இந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கடன்காரனுக்குக் கூட இத்தனை தவணை எந்த வட்டிக்கடையிலும் கிடைப்பதில்லை!

எண்ணூர் என்றதும் 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு நினைவுக்கு வருகிறது. கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். முதலில் அறிந்தது மூக்கு. அளவு எடுக்கப்பட்டது பின்னர்தான். ஆலை வாயிலில் வாரியம் எடுத்த அளவு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம். ஒரு நாள் சராசரிக்கு உரிய வரம்பு 400. மக்கள் மயங்கி விழுந்த பிறகு அளக்கிற அளவுக்குப் பெயர் கண்காணிப்பா?

தோழர்களே, நம்மிடையே ஓர் ஐயம் உண்டு என்பதை அறிவேன். ஆலையை மூடினால் தொழிலாளி என்ன செய்வான், தொழிலாளர் கட்சிக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நச்சுக்காற்று முதலில் யார் நெஞ்சில் இறங்குகிறது? வேலிக்கு வெளியே இருப்பவன் நெஞ்சிலா, உள்ளே கொதிகலனருகே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி நெஞ்சிலா? 2021 மே மாதம் இதே தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் விபத்து நேர்ந்து நால்வர் மாண்டனர். கசியாத குழாய் தொழிலாளியின் உயிர்க்காப்பு. அதுவே ஊரின் உயிர்க்காப்பும். ஆகவே தொழிற்சங்கத் தோழரும் ஊர்த் தோழரும் ஒரே குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களில் எழுத வேண்டும். உள்ளே எந்த மணிக்கு எந்தக் கலன் திறந்தது என்று ஒருவருக்குத் தெரியும். வெளியே எந்த மணிக்கு நாற்றம் எழுந்தது என்று மற்றவருக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், "நாங்கள் இல்லை" என்று எந்த மேலாளர் சொல்வார்?

சட்டம் நம்மைக் காக்கும் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம், 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்திலிருந்த சிறைத் தண்டனைகள் பலவற்றை அகற்றி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டது. கோடிகளில் புரள்வோருக்கு 15 இலட்சம் எம்மாத்திரம்? ஆயினும் கையில் கருவியே இல்லாமல் போய்விடவில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் வாரியம் தந்த இசைவாணையின் படியைக் கேளுங்கள். அதில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும்: இந்தக் கருவி பொருத்த வேண்டும், இந்தத் தேதிக்குள் பொருத்த வேண்டும் என்று. புகைபோக்கியிலே பொருத்திய தொடரளவுக் கருவிகளின் பதிவுகளையும் கேளுங்கள். நாற்றம் எழுந்த இரவில் அந்தக் கருவி என்ன சொல்லிற்று, அல்லது அன்றைக்கு மட்டும் அது உறங்கிற்றா என்று பார்க்கலாம்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மிகைப்படுத்தாதீர்கள்! ஒரு மணி நேரம் எழுந்த நாற்றத்தை இரவு முழுவதும் என்று எழுதினால், மற்ற நூறு உண்மைகளும் அந்த ஒரு பொய்யால் செத்துப்போகும். இப்போது கையடக்கத் துகள்மானிகள் விலைக்குக் கிடைக்கின்றன. நல்லவைதாம், ஆனால் அவை துகளைத்தான் காட்டும், வளியைக் காட்டா. கடலோர ஈரத்தில் துகளளவையே கூட்டியும் காட்டும். வாரியத்தின் கருவிக்கு அருகே சில நாள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த எண்ணை மேடையில் முழங்க வேண்டா.

குறிப்பேட்டில் கோடு போட்டே அச்சிட்டிருக்கிறோம். இடப்பக்கம் நாள், மணி, இடம், காற்றுத் திசை, நாற்றம், உடலில் கண்ட துன்பம். திசையை மறவாதீர்கள், பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று, ஆகையால் ஒரே ஆலையின் புகை பகலில் ஓரூருக்கும் இரவில் வேறோர் ஊருக்கும் போகும். வலப்பக்கம் இதுவரை நாம் எழுதாத பக்கம்: யார் வாக்களித்தார், என்ன வாக்களித்தார், எந்தத் தேதிக்குள், போய்ப் பார்த்தவர் யார், கண்டது என்ன. கையொப்பம் இருவருடையதாக இருக்கட்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஏனெனில் பகலெல்லாம் ஊரில் இருப்பவர் அவரே. புத்தகங்கள் வாயிற்புறத்து மேசையில் இருக்கின்றன. கிளைக்கு இரண்டு வீதம் பெயரெழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். இன்றிரவே முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.